அஞ்சறைப் பெட்டியா, ஆள் பலமா?

விலை ஏறக்குறைய ஒன்று, குணம் வேறு வேறு. வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே கம்ப்யூட்டரை நம்பியிருக்கும் வீடு எந்த பிராசஸரை வாங்குவது?

தில்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு. ஊர் எதுவானாலும் கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் ஓயாமல் சந்திக்கும் கேள்வி ஒன்றுதான்: "இரண்டில் எது வேகம்?" கேட்பவர் பெரும்பாலும் பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டு வந்திருப்பார். ஐந்தாறு வருடங்களுக்கு இன்னொன்று வாங்கும் உத்தேசம் இருக்காது. கடைக்காரரும் சளைக்காமல் ஒரு பெயரைச் சொல்வார். கையிருப்பில் உள்ள பெயராகவும் அது இருக்கலாம்.

கோளாறு கேள்வியிலேயே இருக்கிறது. எந்த வேலையில் வேகம் என்று கேட்காதவரை அதற்குப் பதில் கிடையாது. 2023இல் வெளிவந்த இரண்டு சிப்களை அருகருகே வைத்தால் இது விளங்கும். ஏப்ரலில் வந்தது ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி. அறிமுக விலை 449 டாலர். அக்டோபரில் வந்தது இன்டெலின் கோர் ஐ7 14700கே, 409 டாலர். 2024இல் இரு நிறுவனங்களும் அடுத்த தலைமுறையை இறக்கிவிட்டன. ஆனாலும் வாங்குபவருக்கு இவ்வளவு தெளிவாகப் பாடம் சொல்லும் ஜோடி அபூர்வம்.

அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்தால் இது போட்டியே அல்ல. இன்டெல் சிப்பில் 20 கோர்கள்: பெரியவை 8, சிறியவை 12. உச்ச வேகம் 5.6 கிகாஹெர்ட்ஸ். ஏஎம்டியிடம் இருப்பது 8 கோர்களும் 5 கிகாஹெர்ட்ஸும்தான். விலையும் இன்டெலுக்குத்தான் குறைவு. ஆனால் விளையாட்டு என்று வந்துவிட்டால் பின்தங்குவது இன்டெல்.

கல்யாணச் சமையற்கட்டு

காரணத்தைக் கல்யாணச் சமையற்கட்டில் பார்க்கலாம். ஆயிரம் அப்பளம் பொரிக்க வேண்டும் என்றால் வேலையைப் பங்கிட்டுக் கொடுத்துவிடலாம். எட்டுப் பேர் செய்வதைவிட இருபது பேர் செய்தால் சீக்கிரம் முடியும். முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்வது, பெரிய புரோகிராம்களை கம்பைல் செய்வது, வீடியோவை இறுதி வடிவத்துக்கு மாற்றுவது எல்லாம் இந்த ரகம். எல்லாக் கோர்களையும் முடுக்கிவிடும் சினிபெஞ்ச் சோதனையில் 14700கே பெறும் மதிப்பெண் 7800எக்ஸ்3டியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

தாளிப்பது அப்படி அல்ல. கடுகு வெடித்த பிறகுதான் கறிவேப்பிலை. சுற்றிலும் பத்துப் பேர் நின்றாலும் அது ஒருவர் கைவேலை. கடுகு எடுக்க ஒவ்வொரு தடவையும் உக்கிராண அறைக்கு ஓடினால் எண்ணெய் கருகிவிடும். அஞ்சறைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் உக்கிராண அறை என்பது ரேம். அஞ்சறைப் பெட்டி என்பது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம். விநாடிக்கு 144 காட்சிகள் காட்டும் திரையில் ஒரு காட்சிக்குக் கிடைக்கும் நேரம் 7 மில்லி விநாடிகூட இல்லை. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தப் பாதையில் போகிறது, எந்தச் சுவர் இடிகிறது என்பதையெல்லாம் அதற்குள் கணக்கிட்டாக வேண்டும். தகவலை ரேமிலிருந்து எடுத்துவரக் கேஷைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். 14700கேயின் எல்3 கேஷ் 33 எம்பி. 7800எக்ஸ்3டியிலோ 96 எம்பி. 32 எம்பி சிப்பிலேயே இருக்க, இன்னொரு 64 எம்பியை மாடி கட்டுவதுபோல அதன் மேல் அடுக்கியிருக்கிறார்கள். விமானம் ஓட்டும் சிமுலேட்டர்கள், ஆயிரக்கணக்கான படைவீரர்களை நகர்த்தும் வியூக விளையாட்டுகள் போன்றவற்றுக்கு இந்த மாடி கைகொடுக்கிறது.

இலவசமாக அல்ல. மேல்மாடி கீழே உள்ள வெப்பத்தை எளிதில் வெளியேற விடாது. அதனால்தான் உச்ச வேகத்தை 5 கிகாஹெர்ட்ஸோடு நிறுத்த வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி இந்தச் சிக்கலைத் தளர்த்தினார்கள்.

ஒரு எச்சரிக்கை. விளையாட்டில் ஏஎம்டி பெறும் வெற்றி பெரும்பாலும் சோதனைக்கூட வெற்றி. அங்கே ஆக விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தி, திரையின் நுணுக்கத்தை 1080பி அளவுக்குக் குறைத்து அளக்கிறார்கள். 4கே திரையில் சுமை கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழுவதால் பெரும்பாலான விளையாட்டுகளில் வித்தியாசம் கரைந்துபோகிறது. நடுத்தர விலை கார்டு வைத்திருப்பவருக்கும் ஏறக்குறைய இதே கதிதான். 60 ஹெர்ட்ஸ் திரையோ விநாடிக்கு 60 காட்சிகளுக்கு மேல் காட்டாது. பிராசஸர் 150 தயாரித்தாலும் பார்ப்பவருக்கு லாபம் சொற்பம்.

பிழைப்பும் பொழுதுபோக்கும்

வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் வேலை. மாலையில் அதே கம்ப்யூட்டரில் மகன் விளையாடுவான். முகூர்த்த மாதங்களில் ஒரு வேலை முடிவதற்குள் அடுத்த கல்யாணத்தின் வீடியோ வந்து குவிந்துவிடும். மகன் இழப்பது விநாடிக்குச் சில காட்சிகள். தந்தை இழப்பது கூலி கிடைக்கும் நேரம்.

இவருக்கு 14700கேதான் பொருந்தும். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்டெல் சிப்பில் உள்ள குவிக் சிங்க் என்ற வசதி, வீடியோவைப் பிரித்துப் பார்க்கும் வேலையைத் தனி வன்பொருளிடம் ஒப்படைக்கிறது. பிரீமியர் புரோ போன்ற மென்பொருள்கள் அதை நன்றாகவே பயன்படுத்துகின்றன. ஆனால் எல்லா எடிட்டிங் வேலையும் இரண்டு மடங்கு வேகத்தில் முடிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பல எஃபெக்டுகளைச் செய்துமுடிப்பது கிராபிக்ஸ் கார்டு.

அடுத்தது மின்சாரம். எல்லாக் கோர்களும் உழைக்கும்போது 14700கே 253 வாட் வரை இழுக்கும். 7800எக்ஸ்3டி ஏறக்குறைய 80 வாட்டோடு நின்றுவிடும். இதனால் கரன்ட் பில் எகிறிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஒரு மணி நேரத்தில் இன்டெல் முடிக்கும் வேலைக்கு ஏஎம்டி இரண்டு மணி நேரம் எடுத்தால், செலவு முறையே சுமார் 250, 160 வாட்-மணி. வித்தியாசம் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கவலைப்பட வேண்டியது வெப்பத்துக்கும் யுபிஎஸ்ஸுக்கும்தான். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஏசி இல்லாத அறையில் 250 வாட் சூட்டைத் தணிக்க நல்ல கூலர் வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் இன்டெலின் விலைச் சலுகை காணாமல் போகும். வீடுகளில் சகஜமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாகத் தருவது 360 வாட். 200 வாட் கிராபிக்ஸ் கார்டும் கூட இருந்தால், கரன்ட் போன மறுநிமிடமே பாதி முடிந்த கல்யாணமும் போய்விடும். பயாஸில் மின்வரம்பை 125 வாட்டாகக் குறைப்பது ஒரு வழி. வேகம் ஓரளவு குறையும். ஆனாலும் ரெண்டரிங்கில் எட்டுக் கோர் சிப்பைவிட முன்னால்தான் நிற்கும்.

நம்பகத்தன்மையில் இருவர் பெயரிலும் கறை உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றில், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலையும் சிக்கல் 2024இல் அம்பலமானது. அந்த ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் திருத்தம் வந்தது. வாரன்டியும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. 2023இல் 7800எக்ஸ்3டி சிப்கள் சிலவும் மதர்போர்டு கொடுத்த அதிக மின்னழுத்தத்தால் கருகின. பிறகு பயாஸ் மூலம் அதற்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு விதித்தார்கள். எதை வாங்கினாலும் முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பது. கோர் ஐ7ஐப் பழைய சிப்பாக வாங்குபவர், அது திருத்தத்துக்கு முன் எவ்வளவு காலம் ஓடியது என்று விசாரிப்பது நல்லது.

ஏஎம்டி பக்கம் இருக்கும் பலமான வாதம் எதிர்காலம். அதன் ஏஎம்5 சாக்கெட்டில் 9800எக்ஸ்3டியையும் செருகலாம். இன்டெல் சிப் அமரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டின் கதை 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. ஆனால் பழைய டிடிஆர்4 ரேமைப் பயன்படுத்த அதில் வழியுண்டு. ஏஎம்5 ஏற்பது டிடிஆர்5 மட்டும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வீட்டில் காத்திருப்பதால் நஷ்டப்படுவது யார்? விளையாட்டே பிரதானம், வேகமான திரையும் உயர்ந்த கார்டும் ஏற்கெனவே இருக்கின்றன என்றால் அஞ்சறைப் பெட்டி. கம்ப்யூட்டர்தான் சோறு போடுகிறது என்றால் ஆள் பலம். விளையாட்டுதான், ஆனால் கார்டு சுமார் என்றால் இரண்டும் வேண்டாம். விலை குறைந்த பிராசஸரை வாங்கி மிச்சத்தைக் கார்டில் போடுவதே புத்திசாலித்தனம். மகனுக்கும் அதுதான் பிடிக்கும்.