லே போனதும் தலைவலி: கழுத்தைப் பிடித்துவிட்டால் போதுமா?

டெல்லியில் விடியற்காலை விமானம். ஒன்றரை மணி நேரத்துக்குள் லே. பகல் முழுக்க ஒன்றுமில்லை. "சும்மா பயமுறுத்துறாங்கப்பா" என்று கடைவீதியில் ஒரு சுற்று, ஸ்தூபிக்குப் படியேறி ஒரு செல்ஃபி. இரவு எட்டு மணிக்கு நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பிக்கிறது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். அறையில் கூட இருக்கும் நண்பன் பையிலிருந்து தைலத்தை எடுக்கிறான். "இரு மச்சி, கழுத்தைக் கொஞ்சம் பிடிச்சு விடுறேன். காலையில சரியாகிடும்." அரை மணி நேரத்தில் வலி லேசாகிறது. காலை ஏழு மணிக்குப் பாங்காங் ஏரிக்கு வண்டி சொல்லியாச்சு.

நாலு நாள் லீவில் லடாக் போய் வரும் பலருக்குப் பழக்கமான காட்சிதான் இது. பிடித்துவிட்ட நண்பன்மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்த அரை மணி நேர நிம்மதியை நம்பி காலையில் வண்டி ஏறுவதுதான் தப்பு.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டிக்கு மேலே நிற்கும் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பற்றாக்குறையைச் சமாளிக்க மூளையின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, ரத்த ஓட்டம் கூடுகிறது, வலியை உணரும் நரம்புகள் தூண்டப்படுகின்றன. வலிக்கும் இடம் மண்டை ஓட்டுக்கு உள்ளே. விரல் எட்டுவதோ தோலும் தசையும் வரைதான்.

அப்படியானால் பிடித்துவிட்டதும் வலி குறைந்தது பொய்யா? இல்லை. விமானத்தில் கோணலாகத் தூங்கி, முதுகுப் பையைச் சுமந்து, குளிரில் தோளை இறுக்கி வைத்திருந்தவருக்குக் கழுத்துத் தசை நிச்சயம் முறுக்கேறியிருக்கும். மணாலியிலிருந்து ஹெல்மெட்டோடு பைக்கில் வந்தவருக்குக் கேட்கவே வேண்டாம். அந்த வலி மசாஜில் குறையும். உயரத்தால் வந்த வலியோடு தசை வலியும் சேர்ந்திருந்தால், தசையின் பங்கு மட்டும் குறைந்து, மொத்தமே குறைந்ததுபோலத் தோன்றும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிடித்துவிடும் அரை மணி நேரமும் அவர் படுத்திருக்கிறார். படியேறவில்லை, அலையவில்லை, தண்ணீர் குடிக்கிறார். உயரத் தலைவலி பெரும்பாலும் வந்து சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கி, மேலே ஏறாமல் இருந்தால் ஓரிரு நாளில் உடல் பழகப் பழகத் தானே அடங்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, ஓய்வும் நேரமும் செய்த வேலைக்குத் தைலம் பெயர் வாங்கிக்கொள்கிறது.

உயர நோயை மருத்துவர்கள் கணக்கிடும் லேக் லூயிஸ் மதிப்பெண் முறை 2018-ல் திருத்தப்பட்டது. அதன்படி சமீபத்தில் உயரம் ஏறியவருக்குத் தலைவலி கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு குமட்டல், சோர்வு, தலைசுற்றல் இவற்றையும் சேர்த்து மொத்த மதிப்பெண் மூன்றைத் தொட்டால் அது உயர நோய். இதில் ஒரு சிக்கல் உண்டு. முதலில் வரும் எச்சரிக்கையே தலைவலிதான். அதைத் தேய்த்து மங்கவைத்துவிட்டு "நான் ஃபிட்" என்று முடிவு செய்வது, காரில் ஆயில் விளக்கு எரியும்போது அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது போலத்தான்.

"ஜிம் போற உடம்பு, எனக்கெல்லாம் வராது" என்பவர்களுக்காக ஒரு பழைய தகவல். 1960-களில் இமயமலை எல்லைக்கு வேகமாக அனுப்பப்பட்ட இந்திய வீரர்களில் உயர நோய் கண்ட 1,925 பேரைப் பற்றி இந்தர் சிங் தலைமையிலான மருத்துவர்கள் எழுதிய ஆய்வு, 1969-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. உயர நோய் பற்றிய அடிப்படை ஆய்வுகளில் அது ஒன்று. பயிற்சி பெற்ற ராணுவ வீரர்களையே விடாத நோய், சனிக்கிழமை மட்டும் ஓடுபவரை விட்டுவிடும் என்று நம்பக் காரணமில்லை.

மாத்திரையும் வலியைத்தானே குறைக்கிறது, மசாஜை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? நியாயமான கேள்வி. 2012-ல் கலிபோர்னியாவின் ஒயிட் மவுண்டன்ஸ் பகுதியில் 86 பேரிடம் நடந்த சோதனையில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 69 சதவீதம் பேருக்கு உயர நோய் வந்தது. ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு வந்தது. டயமாக்ஸ் என்று பலருக்கும் தெரிந்த அசெட்டசோலமைடுக்கு இதைவிட நீண்ட காலச் சான்று இருக்கிறது. அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், குறிப்பாக சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள். இந்த வகைச் சான்று மசாஜுக்கு இல்லை. அதற்காக வலிமாத்திரையும் மேலே ஏறுவதற்கான அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. வலி இருக்கும்வரை அதே உயரத்தில் இருப்பதுதான் மாத்திரை போட்டவருக்கும் விதி.

இதமாகப் பிடித்துவிடுவதாவது பெரிய கெடுதல் செய்யாது. சலூனில் தலை மசாஜ் முடிந்ததும் தாடையைப் பிடித்துப் பட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அது வேறு விஷயம். கழுத்தைச் சட்டென்று முறுக்கும்போது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனியின் உட்சுவர் கிழியலாம். அரிதுதான். ஆனால் நடந்தால் பக்கவாதம் வரை போகும். சமவெளியிலேயே தேவையில்லாத ஆபத்து இது. மலையில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. தமனி கிழிந்தால் வரும் தலைவலி, தலைசுற்றல், தள்ளாட்டம் மூன்றுமே மூளை வீக்கத்திலும் வரும். எது எதனால் என்று ஸ்கேன் இல்லாமல் யார் சொல்வது? உயரத்தில் தலைவலி இருக்கும்போது யாரையும் சொடக்கு எடுக்க விடாதீர்கள்.

மூளை வீக்கம் என்பது உயர நோயின் கடைசிக் கட்டம். அதை அறையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். அது நுரையீரலில் நீர் கோப்பதாக இருக்கலாம். ஆக்சிஜன் வேண்டும், மருத்துவமனை வேண்டும், கீழே இறங்க வேண்டும்.

ஆனால் லடாக்கில் இறங்குவது அவ்வளவு சுலபமில்லை. லேயிலிருந்து ஸ்ரீநகர் சாலையில் போனால் 4,108 மீட்டர் ஃபோட்டு லா கணவாயைக் கடக்க வேண்டும். மணாலி சாலையில் 5,300 மீட்டரைத் தாண்டும் டக்லாங் லா. சமவெளிக்கு இறங்க முதலில் ஏற வேண்டும். பாங்காங் இன்னும் மோசம். ஏரிக்கரையே 4,200 மீட்டருக்கு மேல். வழக்கமான பாதையில் நடுவே 5,300 மீட்டரைத் தாண்டும் சாங் லா. இரவு இரண்டு மணிக்கு ஏரிக்கரைக் கூடாரத்தில் ஒருவருக்கு நிலைமை மோசமானால், லே மருத்துவமனைக்கு வர அதே கணவாயில் மறுபடி ஏறித்தான் ஆக வேண்டும்.

லே வருபவர்கள் முதல் 48 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்படுவது இதனால்தான். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான கணக்கு. லேயில் ஒரு ராத்திரி, அடுத்த ராத்திரி பாங்காங் என்றால் ஒரே தாவலில் 700 மீட்டர். பேக்கேஜ் போடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். நாலு நாளில் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று கேட்பது வாடிக்கையாளர், சரி என்பது கம்பெனி. இருவருமே பொறுப்பு.

அந்த அறைக்குத் திரும்பினால், நண்பன் தாராளமாகப் பிடித்துவிடட்டும். அன்றைக்கு மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். தனியாகத் தூங்க விடாமல் ராத்திரி ஒருமுறை எழுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும். காலையில் தலைவலி துளியும் இருந்தால், எவ்வளவு நல்ல மசாஜாக இருந்திருந்தாலும், ஏழு மணி டிரைவருக்கு ஒரு போன்: "அண்ணா, இன்னிக்கு வேணாம். நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றோம்."