அவர் நடிக்கவில்லை

“பையன் வந்தா நல்லாப் பேசுறார், பேப்பர் படிக்கிறார். அவன் பஸ் ஏறினதும் சட்டைப் பித்தான்கூடப் போடத் தெரியல. என்கிட்ட மட்டும் நடிக்கிறார், டாக்டர்.”

லூயி பாடி டிமென்ஷியாவால் பாதிக்கப்பட்ட ஒருவரின் மனைவி அண்மையில் என் அறையில் சொன்ன சொற்கள் இவை. இதே புகாரைப் பல ஆண்டுகளாக வெவ்வேறு குரல்களில் கேட்டு வருகிறேன். மகனுடைய புகார் இதற்கு நேர் எதிரானது. அம்மா மிகைப்படுத்துகிறார் என்பார் அவர். இருவரும் கண்டது உண்மை. இருவரும் எட்டிய முடிவு தவறு.

இந்நோயில் விழிப்பும் கவனமும் ஒரே நாளுக்குள், சில வேளைகளில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, ஏறி இறங்கும். நோயைக் கண்டறிய மருத்துவர்கள் நம்பும் முக்கிய அடையாளங்களுள் இதுவும் ஒன்று. விருந்தினர் வரும்போது சிறிது நேரம் தம்மைத் திரட்டிக்கொள்ளச் சிலரால் முடிகிறது. அதன் களைப்பு அவர்கள் சென்ற பின்னரே வெளிப்படும். காலையில் முடியாதது மாலையில் முடிந்தால், காலையில் அவர் மனம் வைக்கவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். மோசமான வேளைகளைக் கைப்பேசியில் சில நிமிடங்கள் பதிவு செய்து வைப்பது நல்லது. அதை மகனும் பார்க்கட்டும், மருத்துவரும் பார்க்கட்டும். இந்தச் சந்தேகம் தீராத வீட்டில், பராமரிப்பவர் நோயோடு மட்டுமன்றி உறவினர்களோடும் போராட நேர்கிறது.

இந்நோயைத் ‘மறதிநோய்’ என்ற பொதுப் பெயருக்குள் அடக்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. தொடக்கத்தில் நினைவாற்றல் ஓரளவு நன்றாகவே இருக்கலாம். கவனம், திட்டமிடுதல், தொலைவையும் இடத்தையும் கணிக்கும் திறன் ஆகியவையே முதலில் தளர்கின்றன. பார்க்கின்சன் நோயில் காணும் விறைப்பும் தளர்நடையும் சேர்ந்து வரும். உறக்கத்தில் கத்துவதும் கைகால்களை வீசுவதும் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். ஜெர்மானிய மருத்துவர் ஃபிரெடெரிக் லூயி, மூளையணுக்களுக்குள் காணப்படும் திரட்டுகளை 1912இல் விவரித்தார். நோயின் பெயர் அவரிடமிருந்து வந்தது.

குடும்பத்தாரை மிகவும் கலங்கவைப்பது காட்சிப் பிரமை. பெரும்பாலும் குழந்தைகள், அறிமுகமில்லாத மனிதர்கள், பூனை, நாய் போன்றவை தெரியும். “வாசல்ல ரெண்டு பசங்க உட்கார்ந்திருக்காங்க, அவங்களுக்குச் சாப்பாடு போட்டாச்சா?” என்று அவர் கேட்பார். “அங்க யாருமே இல்ல” என்று மனைவி சொல்வார். அங்கே தொடங்கும் வாக்குவாதம் இரவு வரை நீளும். காற்று கருப்பு என்று சொல்லி மந்திரிக்கப் புறப்படும் உறவினரும் உண்டு. அவர்களது கவலையை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தக் குழந்தைகள் தோன்றுவது பார்வைக்குரிய மூளைப் பகுதிகளின் கோளாற்றால்.

என் கருத்து இது: அந்தக் காட்சி அவரை அச்சுறுத்தாவிட்டால், அதற்கு மருந்தும் வேண்டாம், மறுப்பும் வேண்டாம். நோயின் தொடக்கத்தில், “எனக்குத் தெரிவது மெய்தானா?” என்று அவரே கேட்கக்கூடும். அப்போது உண்மையைச் சொல்லுங்கள். அது அவருக்கு ஆறுதல். அந்த ஐயம் மறைந்த பின்னர் வாதம் பயன்படாது. “அவங்க சாப்பிட்டுட்டாங்க, வாங்க நாம சாப்பிடலாம்” என்பது பொய்யாயிற்றே என்று ஒரு மகள் என்னிடம் வருந்தினார். பசித்த குழந்தைகளைப் பற்றி அவர் தந்தை கவலைப்பட்டார். அந்தக் கவலைக்குத்தான் அவர் பதில் சொன்னார். இதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. விளக்கைக் கூட்டுவது, கண்ணாடியைத் துணியால் மூடுவது, கொடியில் தொங்கும் சட்டையை எடுத்துவிடுவது ஆகியவற்றால் பல உருவங்கள் தாமாகவே மறையும்.

இதைவிடக் கொடியது, “நீ என் மனைவி இல்லை, அவளைப் போல வேஷம் போட்டு வந்திருக்கிறாய்” என்று சொல்லும் நிலை. நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர் இதைக் கேட்டு உடைந்துபோவது இயல்பே. நிரூபிக்க முயலாமல் அறையைவிட்டு வெளியே செல்லுங்கள். சிறிது நேரம் கழித்து, உள்ளே நுழையும் முன்பே பேசிக்கொண்டு வாருங்கள். முகத்தை ஏற்காதவர் குரலை ஏற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி. முதுநிலைப் பட்டப் படிப்பின்போது ஓர் இரவுப் பணியில், சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த முதியவர் ஒருவர் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். கூரையில் ஆட்கள் இருப்பதாகக் கூச்சலிட்டார். நான் ஹாலோபெரிடால் ஊசி போடச் சொன்னேன். அது அன்று வழக்கமான மருத்துவம். காலையில் அவர் உடல் மரக்கட்டையாய் விறைத்திருந்தது. தண்ணீரைக்கூட விழுங்க இயலவில்லை. மூன்று ஆண்டுகளாக வீட்டில் குழந்தைகள் தெரிவதாக அவர் சொல்லி வந்ததையும், நடை சுருங்கிப்போனதையும் அவருடைய மகள் அப்போதுதான் கூறினார். இரவிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். எழுந்து நிற்க அவருக்கு இரண்டு வாரங்களுக்கு மேலாயின. பழைய நடை திரும்பவே இல்லை.

ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் லூயி பாடி நோயாளிகளுள் பலருக்குக் கடும் விறைப்பையும் மயக்க நிலையையும் உண்டாக்கும், உயிருக்கும் ஆபத்தாகலாம். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு, நடுக்கத்துக்குத் தரப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், உறக்கம் வரவழைக்கும் சளி, ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவையும் கேடு செய்யக்கூடியவை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் இந்நோயில் மிக அபாயமானது. மறுபுறம், ரிவாஸ்டிக்மின், டோனெபெசில் போன்ற மருந்துகள் பலருக்குத் தெளிவைக் கூட்டிப் பிரமையைக் குறைக்கின்றன. லெவோடோப்பா விறைப்பைத் தளர்த்தும், ஆனால் பிரமையைக் கூட்டிவிடலாம். ஆகவே அளவை மெல்லக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஓரிரு நாளில் திடீரென நிலை மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, வலி, புதிய மருந்து, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். அவை சரிசெய்யக் கூடியவை. எழுந்தவுடன் இரத்த அழுத்தம் சரிந்து விழுவதும் மிகுதி. படுக்கை விளிம்பில் சில நிமிடங்கள் உட்காரவைத்த பின்னரே நடத்திச் செல்லுங்கள்.

இறுதிக் கட்டத்தில் பேச்சு குறையும், விழுங்குவது கடினமாகும். அப்போது மூக்குக் குழாய் பொருத்துவதா என்ற கேள்வி எழும். முற்றிய டிமென்ஷியாவில் குழாய்வழி உணவு ஆயுளை நீட்டுவதாகவோ, உணவு நுரையீரலுக்குள் செல்வதைத் தடுப்பதாகவோ சான்றில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த உணவைச் சிறு கரண்டியால், அவர் ஏற்கும் அளவே ஊட்டுவதை நான் பெரிதும் விரும்புகிறேன். அவர் தெளிவாக இருக்கும் ஒரு மாலையில், இப்போதே, அவரது விருப்பத்தைக் கேட்டு வையுங்கள். நெருக்கடி வேளையில் அவசரப் பிரிவின் வாசலில் நின்று முடிவெடுப்பது எவருக்கும் இயலாத காரியம்.

முதலில் குறிப்பிட்ட அந்த அம்மையாரின் மகனை அடுத்த முறை உடன் அழைத்துவரச் சொன்னேன். பதிவுகளைப் பார்த்த அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், மாதத்தில் ஒரு வாரம் தாம் வந்து தங்குவதாகவும், அந்த வாரம் அம்மா தம் தங்கை வீட்டுக்குச் சென்று உறங்கட்டும் என்றும் சொன்னார். அவர்களுக்கு நான் ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன். நோயின் பெயர், தரக் கூடாத மருந்துகள், இப்போது உட்கொள்ளும் மருந்துகளும் அளவும், மகனின் தொலைபேசி எண். ஒரு படி நோயாளியின் சட்டைப் பையில், ஒரு படி மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில், ஒரு படி மனைவியின் கைப்பையில். இத்தகைய அட்டை உங்கள் வீட்டில் இல்லையெனில், அடுத்த வருகையின்போது உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.