ஆறு மாதத்தில் ஒரு பாவா வீடு

வெளிநாட்டில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணத்திலுள்ள தமது பாட்டனார் காலத்து நாற்சார் வீட்டை இடித்துவிட்டு, ‘ஜெப்ரி பாவா பாணியில்’ புதுவீடு கட்டப்போகிறாராம். கால எல்லை ஆறு மாதம்! நான் பாராட்டுவேன் என எதிர்பார்த்தார் போலும். எனக்குச் சினமே மூண்டது.

பாவாவின் பெயரை உச்சரிப்போர், அவர் தமது சொந்த வீட்டை எவ்வாறு கட்டினார் என்பதையும் அறிந்திருக்க வேண்டாமா? கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் மூன்றாவதை 1958இல் அவர் தமக்கென எடுத்துக்கொண்டார். ஓர் இருக்கைக் கூடம், ஒரு படுக்கையறை, சிறு சமையலறை, பணியாளருக்கு ஓர் அறை. அவ்வளவுதான். பின்னர் நான்காவது வீடு கிடைத்தது. அது உணவுக்கூடமாகவும் இன்னோர் இருக்கைக் கூடமாகவும் மாறியது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்ற பின்பே எஞ்சிய இரண்டும் கைக்கு வந்தன. பெந்தோட்டைக்கு அருகே 1948இல் வாங்கிய லுணுகங்கைத் தோட்டத்திலோ, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கைவைத்துக்கொண்டே இருந்தார்.

வரிசையின் முதல் வீட்டை இடித்து மாடிகளை எழுப்பியவரும் அதே பாவாதானே என நண்பர் மடக்கக்கூடும். உண்மைதான். ஆனால் அவர் பத்தாண்டுகள் அருகிலேயே வாழ்ந்துவிட்டு இடித்தவர். வெயில் எங்கே விழும், மழைநீர் எங்கே தேங்கும் என்பதை அறிந்தவர். நமது நண்பர் அவ்வீட்டில் ஒரு மாரிகாலத்தைக் கழித்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

ஷெல்லடியில் தரைமட்டமான வீடுகளின் கதை வேறு. அங்கே உடனடியாக ஒரு கூரை வேண்டியிருந்தது. அவசரத்தைக் குறைகூற முடியாது. இதுவோ, 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வையும் கடந்து நிற்கும் வீடு. ஓடுகளை மாற்றலாம். பின்புறத்தில் ஓர் அறையை இறக்கலாம். அடுத்த வருகையில் இன்னொன்று.

இதைச் சொன்னபோது, “அண்ணை, எனக்கு ஆறு மாத லீவுதான்” என்றார்.

பாவா வீட்டின் சிறு தடாகத்தருகே நிற்கும் தூண்கள் செட்டிநாட்டிலிருந்து வந்தவை. யாரோ ஒரு தமிழர் வேண்டாமென்று கழித்தவை! இன்று நம்மவர்கள் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று அவற்றை வியந்து படம்பிடிக்கிறார்கள். நண்பரும் பிடித்திருக்கிறார், எனக்கும் அனுப்பியிருந்தார்.

அவருடைய பாட்டனார் வீட்டு முற்றத்தில் எட்டுத் தூண்கள் உள்ளன. பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஏற்கெனவே விலை பேசிவிட்டாராம்.