மிஸ்ஸியம்மாவும் ஒரு முதிய தம்பதியரும்



சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை முதிய தம்பதியர் பங்கு இல்லத்திற்கு வந்து, ஒரே விசிப்பலகையின் இரு முனைகளில் அமர்ந்தனர். கணவர் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர். மனைவி வைகறைப் பேருந்தில் ஆம்பூருக்குச் சென்று காலணி தைத்தவர். ஒருவரோடொருவர் பேசிப் பதினொரு நாள்களாகியிருந்தன. "சாமி, அவரிடம் சொல்லுங்கள்", "சாமி, அவளைக் கேளுங்கள்" என்று என்னைத் தபால்காரனாக்கினர். மகளுக்குக் கொடுத்த பணத்தில் தொடங்கிய வழக்கு அது. ஆனால் அம்மையாரின் மனக்குறை வேறு. "பணம் போகட்டும் சாமி. கல்யாணமான நாள் தொட்டு நல்ல வார்த்தையானாலும் அதட்டித்தான் சொல்வார். இனி மகன் வீட்டோடு இருந்துவிடுகிறேன்."

இல்லறம் அறியாத குரு என்ன சொல்ல முடியும்? செபித்தோம். புறப்படும்போது, பழைய படங்கள் இருவருக்கும் உயிர் என்பது நினைவுக்கு வந்தது. "ஞாயிறு மாலை சேர்ந்து உட்கார்ந்து 'மிஸ்ஸியம்மா' பாருங்கள். பேசவேண்டாம், பார்த்தால் போதும்" என்றேன். தவக்காலத்தில் சாமி சினிமா பார்க்கச் சொன்னார் என்று ஊரில் சிலர் முகம் சுளித்ததும் என் காதுக்கு எட்டியது.

1955-இல் எல். வி. பிரசாத் இயக்கிய அப்படம் உங்களில் பலருக்குத் தெரிந்ததே. வேலையற்ற பட்டதாரிகள் இருவர். கணவன் மனைவியாக உள்ள ஆசிரியர்களே வேண்டும் என்னும் பள்ளியில் சேரப் பொய்த் தம்பதியராகின்றனர். பெண் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த மேரி, ஆண் இந்து. நெற்றித் திலகம் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் சண்டை. மேரி சீறுவாள், பாலு சிரித்து மழுப்புவான். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சீற்றத்தையும் ஊடலையும் காணும் பெரியவர்களுக்கு ஐயமே எழுவதில்லை. இளந்தம்பதியர் என்றால் இப்படித்தான் என்று எண்ணிக்கொள்கின்றனர்!

அவ்வேடம் பூண்ட ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அக்காலத்தில் ஊரறியாமல் மணம் செய்துகொண்டிருந்தவர்கள் என்பது பின்னர் வெளிப்பட்டது. அவருக்கு முன்பே மனைவி இருந்தார். அதை முன்மாதிரியாக நான் கூறவில்லை. அம்மணவாழ்வு பிரிவிலே முடிந்தது. 1981-இல் சாவித்திரி மறைந்தார். திரையில் அத்தனை அழகாகச் சண்டையிட்டவர்களை இன்று பார்க்கையில் சிரிப்பினூடே நெஞ்சு கனக்கிறது.

நம் தம்பதியர் மறுவாரம் மீண்டும் வந்தனர். அம்மையார் சற்று நாணத்துடன், "முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாளே மேரி, அது நான்தான் சாமி" என்றார். அடுத்த வாரம் 'மௌன ராகம்'. 1986-இல் அதைப் பார்த்தபோது பெரியவர், கட்டிய கணவனிடம் விவாகரத்தையே பரிசாகக் கேட்கும் பெண்ணின் மீதே சினங்கொண்டாராம். இம்முறை அவர் கண்ணில் பட்டது வேறு. அவள் மனம் மாறிய பின்னும் கணவன் இளகாமல், இரயில் நிலையம் வரை கொண்டுபோய்விடுகிறானே! "பேசாமலிருப்பதும் அடிதான் சாமி" என்றார். பதினொரு நாள் மௌனத்தில் ஏழு நாள் தம்முடையது என்று அவரே கணக்கும் சொன்னார்.

ஆயினும் உண்மை வெளிவந்தது கதையினால் அன்று; தொலைக்காட்சியின் ஒலியினால். அவர் ஒலியைக் கூட்டுவார், அம்மையார் குறைப்பார். அதிலும் ஒரு தகராறு. "இவ்வளவு சத்தத்திலுமா கேட்கவில்லை?" என்று எரிச்சலோடு கேட்டவர், கேட்ட மாத்திரத்தில் திகைத்துப் போனாராம். தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய டிரம்களின் அருகே நாற்பது ஆண்டுகள் நின்ற காது அது. இத்தகைய செவிக்குறை ஓசையின்றி வளரும். முதலில் மங்குவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். ஆள் பேசுவது கேட்கும், சொல் விளங்காது. தம் குரலே தமக்குத் தாழ்வாகக் கேட்பதால் உரத்துப் பேசுவார்கள். வேலூரில் மருத்துவரிடம் சோதித்தபோது ஐயம் தெளிந்தது. அதட்டல் என்று அவர் எண்ணி அழுத நாள்களில் எத்தனை இக்குறையால் வந்தவையோ! எல்லாமே அப்படியல்ல என்று அம்மையார் உடனே திருத்தினார், நானும் ஒப்புக்கொள்கிறேன். கோபக்காரருக்குச் செவிக்குறை மன்னிப்புச் சீட்டு ஆகிவிடாது.

மகன் வீட்டுப் பேச்சு இப்போது இல்லை. காதொலிக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அதை மாட்டிக்கொள்ள மறந்தால், "பெரியவர் இன்று டேனரிக்குப் போய்விட்டார்" என்பாராம் மனைவி.

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகிறேன். கோவில் படிக்கட்டில் இருவரும் உரத்த வாக்குவாதம். அருகில் சென்றேன். 'சம்சாரம் அது மின்சாரம்' பார்த்திருக்கிறார்கள். மனைவி பேறுகாலத்துக்குத் தாய்வீடு போனதால் வீட்டுச் செலவுப் பணத்தைக் குறைத்துக் கொடுக்கும் அந்த மூத்த மகன் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டா என்பது வழக்கு. உண்டு என்கிறார் அம்மையார். இல்லவே இல்லை என்கிறார் பெரியவர். என்னை நடுவராக அழைத்தனர். காலை உணவு ஆறிவிடும் என்று கூறி நழுவிவிட்டேன்.