தலைக்கனம் வேண்டும்!

மனிதனுக்குத் தலைக்கனம் ஆகாது என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நானும் வகுப்பறையில் இருபது வருஷமாக அதையே சொல்லி வருகிறேன். ஆனால் இந்த உபதேசம் செல்லுபடியாகாத பிரகிருதி ஒன்று உண்டு. பிள்ளைகள் பால்ஸா மரத்தில் தங்கள் கையாலேயே செய்து, ரேடியோ மூலம் நடத்துகிறார்களே, அந்தச் சிறு விமானந்தான் அது. அதற்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தே தீர வேண்டும்!

விளையாட்டுச் சாமான்தானே என்று யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். 1871-ஆம் வருஷம் பாரிஸ் நகரத்தில் அல்போன்ஸ் பெனோ என்னும் வாலிபர், முறுக்கிய ரப்பரின் விசையால் பறக்கும் ஒரு சிறு விமானத்தைப் பலர் முன்னிலையில் பறக்க விட்டார். அவருடைய முறையை ஒட்டிய ரப்பர் பொம்மை ஒன்றை 1878-இல் தகப்பனார் வாங்கிக் கொடுத்ததிலிருந்துதான் ரைட் சகோதரர்களுக்குப் பறக்கும் பித்துப் பிடித்தது. பிறகு 1937-இல் அமெரிக்காவிலுள்ள கலமஸூ என்னும் ஊரில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள், எட்டடி இறக்கையுள்ள விமானம் ஒன்றை ரேடியோவினால் நடத்திக் காட்டினார்கள்.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு விதி மாறவில்லை. முதல் பறப்பின் தலையெழுத்து ஆகாயத்தில் எழுதப்படுவதில்லை. வீட்டு மேஜைமேல் எழுதப்படுகிறது.

மேஜைமேல் பார்க்க வேண்டியவற்றுள் தலையாயது எடை. சாதாரணப் பயிற்சி விமானமானால், இறக்கை அகலத்தில் முன் விளிம்பிலிருந்து நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அதன் எடை சமன்பட வேண்டும். அந்த இடத்தில் இரு பக்கமும் விரல் கொடுத்துத் தூக்கினால், மூக்குச் சற்றே தாழ்ந்து நிற்பது உத்தமம். வால் தாழ்ந்ததோ, ஆபத்து! காற்று மூக்கைச் சிறிது தூக்கினாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர வாலுக்குச் சக்தி போதாது. மூக்கு மேலும் மேலும் ஏறும்; இறக்கை காற்றில் பிடிப்பை இழக்கும்; பிறகு தரைதான். பாட்டரியை முன்னுக்குத் தள்ளினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதிலும் தீராவிட்டால் மூக்கில் ஒரு துண்டு ஈயம் வைக்கலாம்.

அடுத்தபடியாக, விமானத்தைப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் நோக்க வேண்டும். இறக்கை முறுக்கிக் கொண்டிருந்தால் அப்போது தெரிந்துவிடும். பிறகு, முன்னுள்ள சுழல் விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு ரேடியோவைப் போடுக. விசிறி மாட்டியபடியே சோதனை செய்கிறவர்கள் தங்கள் விரல்களைப் பணயம் வைக்கிறார்கள். கைப்பிடியை வலப்புறம் தள்ளினால் வலது இறக்கையின் மடிப்பு மேலேயும் இடது இறக்கையின் மடிப்புக் கீழேயும் போக வேண்டும். தன் பக்கம் இழுத்தால் வாலின் மடிப்பு உயர வேண்டும். இது மாறியிருந்தால், பையன் விமானத்தைக் காப்பாற்றுவதற்காகச் செய்கிற காரியமே அதைக் கவிழ்த்துவிடும். மேஜைமேல் ஒரு நிமிஷத்தில் திருத்தக்கூடிய தவறு, ஆகாயத்தில் திருத்த அவகாசம் தராது.

மைதானத்துக்குப் போன பின்னும் ஒரு சோதனை பாக்கியிருக்கிறது. இக்காலத்து ரேடியோக்களில் சக்தியைக் குறைத்துச் சோதிப்பதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் முப்பது தப்படி விலகிப் போய், மடிப்புக்கள் ஒழுங்காக அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சென்ற கோடை விடுமுறை முழுவதையும் இந்த வேலையிலேயே செலவழித்த மாணவன் ஒருவனை நான் அறிவேன். குறித்த நாளில் உற்றார் உறவினர் எல்லோரும் மைதானத்தில் கூடிவிட்டார்கள். முப்பதாவது தப்படியில் வால் மடிப்பு நடுங்கியது, பிறகு நின்றது. "அடே, ஒரு தடவைதான் விட்டுப் பாரேன்! வெயில் ஏறுகிறது" என்றார் அவனுடைய மாமா. பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்றைக்கு வேண்டாம், மாமா" என்று சொல்லி, விமானத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினான். பிரித்துப் பார்த்தபோது, பாட்டரிக் கம்பியில் ஈயப் பற்று விட்டுப்போயிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க, எதிர்க்காற்றை நோக்கி அந்த விமானம் கிளம்பிற்று. நாலு நிமிஷம் பறந்து, புல்தரையில் பத்திரமாக இறங்கிற்று.

அந்த நாலு நிமிஷத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். என் மனசில் நிற்பதோ முதல் ஞாயிற்றுக்கிழமைதான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்வதற்குப் பெரியவர்களிடமே எளிதில் காணாத தைரியம் வேண்டும். ஆகையால், பெற்றோர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை மேஜையை விட்டு எழுந்திருக்காமல் இறக்கையை நாலாந்தரம் சோதித்துக் கொண்டிருந்தால், தயவு செய்து அவனை அவசரப்படுத்தாதீர்கள். சாப்பாடு சற்று ஆறினாலும் பாதகமில்லை.