எந்திரம் வந்தால் போதுமா?

பொம்மிடியைக் கடந்து செல்லும் தொடர்வண்டிகள் பல. நின்று செல்வன சில. தொழில் வளர்ச்சி என்னும் வண்டியும் அப்படித்தான் தருமபுரி மாவட்டத்தை நெடுங்காலம் கடந்து ஓடியது. சர்க்கரையைப் பொறுத்தவரை, அது நின்ற இடங்கள் இரண்டு உண்டு. பாலக்கோட்டில் ஒரு கூட்டுறவு ஆலை. பொம்மிடியை உள்ளடக்கிய பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்திலே, கோபாலபுரத்தில், சுப்பிரமணிய சிவாவின் பெயர் தாங்கிய மற்றொரு கூட்டுறவு ஆலை. மழை பெய்தால் கரும்பு. கரும்பு வந்தால் அரவை. அரவை நடந்தால் கூலி. மழை பொய்த்தால்? உழவன் வானத்தைப் பார்க்கிறான். தொழிலாளி ஆலையின் வாயிற்கதவைப் பார்க்கிறான்!

இத்தகைய வறண்ட நிலத்துக்குச் சொல்லப்படும் மாற்றுப் பயிர்களுள் ஒன்று சர்க்கரை பீட். நாம் பொரியலுக்கு நறுக்கும் சிவப்புக் கிழங்கு அன்று அது. அதற்கு உறவான வெள்ளைக் கிழங்கு. கரும்பு ஏறத்தாழ ஓராண்டு நிலத்தில் நிற்கும். பீட் ஐந்தாறு திங்களில் முற்றும். தண்ணீரும் குறைவாகவே கேட்கும். வெப்ப நாட்டுக்கு ஏற்ற வகைகளைப் பயிரிட்டுப் பார்த்து, சாகுபடி முறையையும் வகுத்துத் தந்திருக்கிறது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம். ‘விளையுமா?’ என்ற கேள்விக்கு விடை கூற அறிஞர்கள் உள்ளனர். நாம் கேட்பது வேறு கேள்வி. விளைந்தால், அதற்கென ஓர் ஆலை எழுந்தால், அந்த ஆலையை ஓட்டப் போகிறவர் யார்?

‘கரும்பாலைத் தொழிலாளர் இருக்கின்றனரே!’ என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆனால், கரும்பாலையில் இருபது ஆண்டு உழைத்தவருக்கும் பீட் ஆலை புது ஊர்தான்! கரும்பை உருளைகளுக்கு இடையே விட்டுப் பிழிகிறோம். எஞ்சிய சக்கையையே கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கிறோம். பீட்டைப் பிழிவதில்லை. கழுவி, மெல்லிய கீற்றுகளாகச் சீவி, ஏறத்தாழ 70 பாகை வெந்நீரில் ஊறவிட்டு, இனிப்பை நீரிலே இறக்குகின்றனர். சுண்ணாம்பும் கரியமிலவாயுவும் செலுத்திச் சாற்றைத் தெளிய வைக்கின்றனர். எஞ்சும் சக்கை மாட்டுக்குத் தீவனமாகும், அடுப்புக்கு விறகாகாது. எரிபொருளை வெளியிலிருந்து வாங்கியாக வேண்டும். வெப்பம் குறைந்தால் சாற்றிலே கிருமி பெருகும். கூடினால் கீற்று குழைந்து குழம்பாகும். இத்தனையும் அறிந்த கைகள் வேண்டும்!

அயல்நாட்டு நிறுவனம் எந்திரத்தை அனுப்புகிறது. கூடவே ஒரு வல்லுநரையும் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அரங்கிலே காட்சி தொடங்குகிறது.

“ஐயா, இந்தத் திருகை எப்போது திருப்ப வேண்டும்?”

“நான் சொல்லும்போது!”

“ஏன் அப்போது மட்டும்?”

“அது உனக்குத் தேவையில்லை!”

திரை விழுகிறது! வல்லுநர் விமானம் ஏறுகிறார். எந்திரம் நம்முடையது, அதன் அறிவோ அவருடையது. பழுது வந்தால் மீண்டும் அவர். உதிரி உறுப்பு வேண்டுமானால் மீண்டும் அவர். ஆண்டுதோறும் கட்டணம், அதுவும் அவருக்கே! கொடி இறங்கிய பின்னும் ஆதிக்கம் இறங்காமல் இருப்பதற்கு, ‘தேவையில்லை’ என்ற அந்த ஒரு சொல் போதாதா?

பீட் சர்க்கரையின் வரலாறே இதற்குப் பாடம் கூறுகிறது. 1747-இல் மார்கிராப் என்னும் செருமானிய அறிஞர், கிழங்கிலே இருப்பது கரும்பின் சர்க்கரைதான் என்று கண்டறிந்தார். அவர் மாணவர் ஆச்சார்டு, சைலீசியாவிலே 1801-இல் முதல் ஆலையை அமைத்தார். 1806-க்குப் பின், ஆங்கிலேயரோடு மூண்ட வணிகப் போரில் தீவுகளின் கரும்புச் சர்க்கரை பிரான்சுக்கு வருவது அருகிற்று. நெப்போலியன் என்ன செய்தான்? 1812-இல், பாரிசை அடுத்த பாசியில் பீட் சர்க்கரை எடுத்துக் காட்டிய டெலசேரின் மார்பிலே தன் விருதையே சூட்டினான். அத்தோடு நிற்கவில்லை. பீட் பயிரிட நிலம் ஒதுக்கியவன், சர்க்கரை செய்யக் கற்பிக்கும் பள்ளிகளுக்கும் ஆணையிட்டான். போர் வெறியன்தான், ஆயினும், பள்ளியில்லாத ஆலை பாழ் என்பதை அவன் அறிந்திருந்தான்!

அதே சர்க்கரையின் பெயரால் நம்மவர்க்கு நேர்ந்தது என்ன? 1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தமிழரும் தெலுங்கரும் அதிலே சென்றனர், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு! வெட்டுவதற்கு அழைத்தார்கள், சுமப்பதற்கு அழைத்தார்கள், தொழிலின் நுட்பத்தைக் கற்பிக்கவா அழைத்தார்கள்? ஒப்பந்தத் தாளிலே கைநாட்டு இருந்தது, கல்வி இல்லை. கூலி என்றும் தொழிலாளி என்றும் இரு சொற்கள் உண்டே, அவற்றின் இடைவெளி இதுதான்! தான் செய்யும் வேலையின் காரணத்தை அறிய விடப்படாதவன் கூலி. அறிந்தவன் தொழிலாளி.

கற்பித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. திருச்சியை அடுத்த திருவெறும்பூரில், 1960-களில், செக்கோசுலோவாக்கிய நாட்டின் ஒத்துழைப்போடு உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்தது. செக் நாட்டு வல்லுநர்களின் பார்வையில் நம் இளைஞர்களே ‘அயல்நாட்டுத் தொழிலாளர்’! ஆனால் அவர்கள் அயலாராகவே நின்றுவிடவில்லை, கற்றார்கள். நாட்டின் பல மின் நிலையங்களுக்குத் திருச்சியின் கொதிகலன்கள் சென்றன. செக்கோசுலோவாக்கியா என்ற நாடு 1992-ஆம் ஆண்டின் இறுதியோடு இரண்டாகப் பிரிந்தது. திருவெறும்பூரில் கற்ற கலை பிரிந்தோடவில்லை, இங்கேயே தங்கிவிட்டது!

இனி, நாற்காலியைத் திருப்பிப் போடுவோம். இன்று ஆசிரியர் இருக்கையிலும் நாம் அமர்ந்திருக்கிறோம். 1936-இல் தொடங்கிய கான்பூர் சர்க்கரைக் கழகத்தில் அயல்நாட்டாரும் வந்து பயின்றுள்ளனர். 1912-இல் பிறந்த கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் ரகங்கள் கடல் கடந்தும் விளைந்தன. ஆக, நாம் கேட்கும் நீதியை நாமும் வழங்கக் கடமைப்பட்டவர்கள்.

அந்தக் கடமை கடலுக்கு அப்பால் மட்டுமா? தமிழ்நாட்டின் ஆலைகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் வருகின்றனர். நாட்டால் அயலார் அல்லர், மொழியால் அயலார். எந்திரத்தின் மீது எழுதியிருக்கும் எச்சரிக்கை அவர்களுக்கு விளங்குகிறதா? 1965-இல் மொழித் திணிப்பை எதிர்த்து உயிர் தந்த இயக்கத்தின் வழி வந்தவர்கள் நாம். நமது எதிர்ப்பு ஆதிக்கத்தின் மீது. ஏழையின் நாவின் மீது அன்று. ‘புரியாத மொழியால் ஆளாதே’ என்றவர்கள், புரியாத மொழியால் ஒருவன் விரல் இழப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

‘அவர்கள் நம் வேலையைப் பறிக்கிறார்களே!’ என்று தோழர் ஒருவர் சினக்கக்கூடும். சற்றே எண்ணிப் பாருங்கள். பறிப்பவன் வந்தவனா, வரவழைத்தவனா? பயிற்சி இல்லாதவனுக்குக் குறைந்த கூலி தரலாம், எதிர்த்துப் பேச மாட்டான் என்ற கணக்கிலன்றோ முதலாளி அவனை நாடுகிறான்! அவனுக்கும் முறையான பயிற்சி, அவனுக்கும் சம ஊதியம் என்றாகட்டும். அந்தக் கணக்கு அன்றே பொய்த்துப் போகும். உள்ளூர் இளைஞனின் ஊதியத்துக்கும் அதுவே காவல்!

எனவே, நாளை தருமபுரி மண்ணிலே பீட் ஆலையோ வேறெந்த ஆலையோ எழுமானால், அடிக்கல்லையும் அலங்கார வளைவையும் கண்டு மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தைக் கேளுங்கள்! எத்தனை எந்திரம் என்பதோடு, எத்தனை பேருக்கு, எத்தனை திங்கள் பயிற்சி என்றும் அதில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். இயக்கும் முறை தமிழில் அச்சாகுமா என்று கேளுங்கள். வல்லுநர் புறப்படும் நாளில் அவர் இடத்தில் நிற்கப் போகும் பொம்மிடி இளைஞன் யார், பாலக்கோட்டுத் தொழிலாளி யார் என்று கேளுங்கள். பிற மொழித் தோழன் அருகில் நின்றால், அவனுக்கு அவன் மொழியில் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

எந்திரத்தை விலை கொடுத்து வாங்கலாம். அதை ஆளும் அறிவை உரிமையோடு கேட்டுத்தான் பெற வேண்டும். கேட்போம்!