கரன்ட் வைத்த டாக்டர்

காரைக்குடிக்காரர்களுக்கு கரன்ட் ஒன்றும் புதுசில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறந்த 'சிக்ரி'யில் கரன்டும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்தால் என்னென்ன நடக்கும் என்று இன்னும் ஆராய்கிறார்கள். ஆனால் கரன்டுக்கு முதுகுவலி போகுமா? செக்காலை ரோட்டுப் பக்கம் கணக்கு எழுதும் என் நண்பனின் கேள்வி அது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. 'ஒண்ணுமில்லேன்னா அப்புறம் எதுக்கு லீவு?' என்கிறார் மேனேஜர். பிசியோதெரபிஸ்ட் முதுகில் நாலு பட்டை ஒட்டி ஸ்விட்சைப் போட, "எறும்பு ஊர்ற மாதிரி சுகமா இருக்கு மாப்ளே" என்றான்.

அந்த எறும்பை ஊரவிட்டவர்களில் முக்கியமானவர் நார்மன் ஷீலி என்கிற அமெரிக்க நரம்பு சர்ஜன்.

கால் இடறினால் அப்பத்தா தேய்த்துவிடுவார், வலி குறையும். ஏன்? 1965-ல் மெல்ஸாக், வால் என்ற இருவர் ஒரு விளக்கம் சொன்னார்கள். தண்டுவடத்தில் ஒரு 'கேட்' இருக்கிறது; தொடுகையைச் சொல்லும் தடித்த நரம்பு வேகமாக வந்து நுழைந்துவிட்டால், வலியைச் சொல்லும் மெல்லிய நரம்புக்குக் கதவு பாதி சாத்திக்கொள்ளும். கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் ஆளாக இடம் பிடிக்கிற மாதிரி!

அப்போதெல்லாம் தீராத வலிக்கு சர்ஜன்கள் நரம்பையே வெட்டுவதுண்டு. ஷீலி, வெட்டாமல் அந்த கேட்டுக்கு கரன்ட் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். மார்ட்டிமர் என்ற எஞ்சினீயரிங் மாணவரோடு சேர்ந்து 1967-ல், நுரையீரல் புற்றுநோயில் தவித்த ஒரு பெரியவரின் தண்டுவடத்தில் மின்முனையைப் பொருத்தினார். பெரியவர் அதிக நாள் இருக்கவில்லை. ஆனால் வலி குறைந்திருந்தது.

சுவாரஸ்யம் இனிமேல்தான். எல்லார் முதுகையும் திறந்து பார்க்க முடியாதே? யாருக்கு கரன்ட் ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்துகொள்ள முதலில் தோல்மேல் கொடுத்துப் பார்த்தார். இதற்குக் கிடைத்தது 1919-ல் பேடன்ட் வாங்கிய 'எலெக்ட்ரீட்' என்ற பாட்டரி சாமான். சகல நோயும் தீரும் என்று விற்ற சரக்கு! பார்த்தால், சில பேருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆபரேஷனே வேண்டாம். பெண் பார்க்கப் போன இடத்தில் துணைக்குப் போனவனைப் பிடித்துப் போன கதை. இப்படித்தான் 'டென்ஸ்' பெட்டிக்கு மவுசு வந்தது. 1971-ல் வலிக்கென்றே தனி மருத்துவ மையமும் தொடங்கினார் ஷீலி.

பிற்காலத்தில், நோயை உள்ளுணர்வாலேயே சொல்பவர்களையும் அவர் நம்பினார். அதுவரைக்கும் அவர்கூட நான் வரமாட்டேன். ஆனால் தன் ஆபரேஷனைவிட அந்தப் பழைய சாமான் சிலருக்குப் போதும் என்று ஒப்புக்கொண்டாரே, அதற்கு ஒரு சல்யூட்.

எனக்குப் பிடித்தது அந்தப் பெட்டியில் இருக்கும் திருகுதான். எவ்வளவு கரன்ட் போதும் என்று டாக்டருக்குத் தெரியாது, ஸ்கேனுக்கும் தெரியாது. வலிக்கிற ஆள்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

எல்லாருக்கும் கேட்கும் என்று ஆராய்ச்சிகள் சத்தியம் செய்யவில்லை, ரிசல்ட் கலவைதான். பொருட்காட்சியில் தள்ளுபடி என்று வாங்கி வந்து, பேஸ்மேக்கர் வைத்த அப்பத்தாவுக்கு மட்டும் ஒட்டிவிடாதீர்கள். கழுத்தின் முன்பக்கமும் கூடாது. முதலில் டாக்டரைக் கேளுங்கள். அப்பத்தாவுக்குத் தைலம் போதும்.